எண்பத்தஞ்சு கிலோ

எல்லாரும் சௌக்கியமா இருக்கீங்களா? முட்டி வலி, முதுகு வலி எல்லாம் பரவாயில்லையா? சரி, அப்படியே சாஞ்சு உக்காந்துக்கிட்டுக் கேளுங்க.

அவ வண்டிய நேரா பட்டறைக்குள்ள கொண்டுபோய் நிறுத்தினா. எறங்கினதும் எறங்காததுமா, "இதைத் தாழ்த்திக் குடு, இன்னிக்கே வேணும்"னா.

மெக்கானிக்குக்கு சிரிப்பு தாங்கல. பன்னெண்டு வருஷமா இதையே கேட்டுக்கிட்டு இருந்தது அவ புருஷன். குறுக்க நின்னவ இவ.

பழைய பிக்கப் வண்டி. வீடு மாத்தறவங்க சாமானை ஏத்திட்டுப் போற தொழில். புருஷனும் பொண்டாட்டியும்தான் மொதலாளி, அவங்களேதான் கூலியாளும். பீரோவுக்கு அவரு ஒரு முனை, இவ ஒரு முனை. ஒரு பக்கம் லேசாத் தூக்கிப் பாத்தாலே இத்தனை கிலோன்னு சொல்லிடுவா.

அவருக்கு ஒரே ஒரு கிறுக்கு. வண்டி தரையோட தரையாப் பதிஞ்சு நிக்கணும். எங்கயோ கிழிச்சுட்டு வந்த ஒரு படத்தை சமையல்கட்டு அலமாரிக் கதவுல ஒட்டி வச்சிருந்தாரு. டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவுல ரெண்டு விரல்தான் போகணுமாம். மூணாவது விரல் போச்சுன்னா அது வண்டியே இல்லையாம்.

"பீரோ ஏத்தற வண்டி வயித்தால ஊரணுமாக்கும்!" அவ ஒவ்வொரு தடவையும் இதைச் சொல்லியே அவரு வாயை அடைச்சிடுவா.

இப்ப அவளே வந்து நிக்கறா. நாளைக்குக் காலையில அவரு வாசலுக்கு வரும்போது, வண்டி அந்தப் படத்துல இருக்கற மாதிரியே நிக்கணும். ஒரு இம்மி கூடக்கூடாது, கொறையக்கூடாது.

"அண்ணனுக்குத் தெரியாமலா? என்னக்கா, பொறந்தநாளா?"

"வாயை மூடிக்கிட்டு வேலையப் பாரு."

அந்த மெக்கானிக்குக்கு மட்டக்கோல்னு பேரு வச்சிருந்தாங்க. ஒரு நூல் ஏத்த எறக்கம் இருந்தாலும் அவனுக்கு சோறு எறங்காது.

பின்னாடி ஸ்ப்ரிங் பட்டையில ரெண்டைக் கழட்டி எடுத்தான். "இனிமே இதுல பீரோ கீரோ ஏத்த முடியாது, சொல்லிட்டேன்."

"ஏத்தல."

முன்னாடி பக்கத்துக்கு ஒண்ணா ரெண்டு பெரிய போல்ட்டு. அதைத் தளர்த்தத் தளர்த்த வண்டியோட மூக்கு எறங்கும். ஆனா மட்டக்கோல் வெறும் வண்டிய வச்சு அளவு எடுக்க மாட்டான். உக்கார்ற ஆளோட கனம் உள்ள இருந்தாத்தான் அளவு சரியா வரும்பான். அதுக்குன்னே மணல் மூட்டை வச்சிருந்தான், ஒவ்வொண்ணும் பத்து கிலோ.

"அண்ணன் எத்தனை கிலோ?"

"எண்பத்தஞ்சு." அவ யோசிக்கவே இல்ல.

"அதுல தொப்பை மட்டும் இருபத்தஞ்சு இருக்கும்." டிரைவர் சீட்டுல எட்டு மூட்டைய அடுக்கி, மேல ஒரு அரை மூட்டையும் வச்சு, அது விழுந்துடப் போகுதுன்னு சீட் பெல்ட்டும் மாட்டி விட்டான். அவளுக்கும் சிரிப்பு வந்துடுச்சு.

வண்டிய நாலடி முன்ன தள்ளி, நாலடி பின்ன தள்ளி, திருகி, மறுபடி தள்ளி, கடைசியா எந்திரிச்சு கையைத் தொடைச்சான். "வந்து பாரு."

அவ ரெண்டு விரலை விட்டா. மூணாவதை விட்டுப் பாத்தா. போகல.

அச்சு அசல் அந்தப் படம்தான். விரலை எடுக்க மனசே வரல அவளுக்கு. அப்படியே ஓட்டிக்கிட்டுப் போயிடலாம், யாரு கேக்கப் போறா?

போகல. கதவைத் தொறந்தா, பெல்ட்டக் கழட்டினா, ஒரு மூட்டையத் தூக்கிக் கீழ வச்சா.

"என்னக்கா பண்றே?"

"ஓட்டப்போறது நான். அவரு பக்கத்து சீட்டுல."

"இதை மொதல்லயே சொல்றதுக்கென்ன? மகாராஜா சவாரி போறாரா?" அவனும் மிச்ச மூட்டையையும் கீழ எறக்கிட்டு, அந்தப் பக்க சீட்டுல ஒவ்வொண்ணா அடுக்க ஆரம்பிச்சான். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு.

"நிறுத்து."

அவ அந்தக் கதவுப் பக்கம் போய்க் குனிஞ்சா. இடது கையை மூட்டைகளுக்குப் பின்னாடி குடுத்தா, முதுகைத் தாங்கற மாதிரி. வலது கையை அடியில குடுத்தா, மொழங்காலுக்குக் கீழ குடுக்கற மாதிரி. அவரு படுக்கையில விழுந்ததுலேருந்து, தெனம் காலையில அவரைக் கட்டில்லேருந்து நாற்காலிக்கு மாத்தும்போது குடுக்கற அதே கை. லேசாத் தூக்கினா.

தலைய ஆட்டினா. ஒரு மூட்டைய எடுத்து வெளிய வச்சா.

மறுபடி கை குடுத்துத் தூக்கினா. இந்தத் தடவை உடனே எறக்கல. கன்னம் சாக்குல பட்டுக்கிட்டு இருந்துச்சு.

"இவ்வளவுதான்." அவ டிரைவர் சீட்டுல ஏறி உக்காந்தா.

மட்டக்கோல் அண்ணனைப் பாத்துப் பல மாசம் ஆச்சு. ஸ்பானரை எடுத்துக்கிட்டு வண்டிக்கு அடியில போய்ப் படுத்துக்கிட்டான். கனம் கொறைஞ்சதுல அந்தப் பக்கம் மேல ஏறியிருந்துச்சு; இன்னும் தளர்த்தணும்.

கீழ நாலரை மூட்டை மிச்சம் கெடந்துச்சு.

அதை எங்க எடுத்து வைக்கறதுன்னு அவ கேட்டா. "அங்கயே கெடக்கட்டும்க்கா"ன்னான் அடியிலேருந்து.

உங்க கைக்கும் யாரோட கனமாவது இப்படித் தெரிஞ்சிருந்தா எழுதுங்க. ரெண்டு வரி போதும்.