ஏறாத மாடிகள்

மனைவியின் மணிக்கட்டைப் பிடித்து குடோன் மேஸ்திரி கடைக் கவுண்டர் மேல் ஓங்கி அடித்ததில், கண்ணாடிக்கு அடியில் அடுக்கியிருந்த வாட்ச்செல்லாம் ஒரு துள்ளு துள்ளி விழுந்தன. அவள் கத்தவில்லை. கத்தினால் இன்னொரு அடி விழும் என்று அவளுக்குத் தெரியும்.

"பாருய்யா இத! எங்க வீடு தரையோட தரையா இருக்கு. ஏறுறதுக்கு வாசப்படிகூட உருப்படியா கிடையாது. ஆனா தினம் மத்தியானம் ஆறு மாடி ஏறினதா இந்த வாட்ச் காட்டுது. பொய் சொல்றது வாட்ச்சா, இவளா? எனக்கு இப்பவே தெரியணும்."

"நான் எங்கயும் போகலைங்க. வாட்ச்தான் கெட்டுப்போச்சு" என்றாள் அவள்.

"வாயை மூடு! வாட்ச் சரியா இருக்குன்னு மட்டும் தெரியட்டும், இன்னிக்கு உன் ரெண்டு காலையும் ஒடிச்சு அடுப்புல வைக்கிறேன்."

சொன்னால் செய்கிற ஆள்தான். குடோனில் மூட்டை தூக்குகிறவர்களை அவன் பேர் சொல்லிக் கூப்பிட்டதைவிட உதைத்துக் கூப்பிட்டதுதான் அதிகம். அவளுடைய இடது கையை அவன் முறுக்கியது இன்னும் சரியாகவில்லை. அதனால்தான் வாட்ச் வலது கையில் இருந்தது. ஆசையாக வாங்கி வந்ததாகச் சொல்லித்தான் கட்டிவிட்டான். அவள் எடுத்து வைக்கும் ஒவ்வொரு அடியும் தன் போனில் வந்து விழும் என்பதை அப்புறம்தான் சொன்னான்.

மாடிப்படிக்கு அடியில் ஒடுங்கிக் கிடந்த சின்னக் கடை அது. இங்கே நன்றாகப் பார்ப்பார்கள் என்று அவள் சொல்லித்தான் வந்திருந்தான். எதிரே லிப்ட். 'பழுது' என்று எழுதி ஒட்டிய அட்டையே பழுப்பேறிப் போயிருந்தது.

கடைக்காரர் வாட்ச்சைக் கழற்றி, கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உள்ளே காத்தழுத்தம் பார்க்கிற சென்சார் இருக்கு சார். மேல ஏற ஏற அழுத்தம் குறையும். அதையும் கால் அசைவையும் சேர்த்துத்தான் மாடின்னு எண்ணும். ஓரத்துல இருக்கிற துளை அடைச்சா கணக்கு தப்பும். இதுல அடைப்பு தெரியல. சில சமயம் கதவை ஓங்கிச் சாத்தினாக்கூடக் குழம்பிடும். வீட்டுல அப்படிச் சாத்துற ஆள் யாராவது..."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். மேஸ்திரி பக்கத்திலிருந்த ஸ்டூலை எட்டி உதைத்தான். அது லிப்ட் கதவில் போய் மோதிக் கால் முறிந்து விழுந்தது.

"நான் குடோன்ல இருக்கிற நேரத்துலதான்டா எண்ணுது!"

"அப்ப ஏறிப் பார்த்துட வேண்டியதுதான். நம்ம பில்டிங் ஆறு மாடி. ஆறும் ஒழுங்கா காட்டிட்டா வாட்ச்ல கோளாறு இல்ல."

"இவ ஏறட்டும்."

"அவங்க ஏறிட்டு வந்து ஒண்ணு சொன்னா நீங்க நம்புவீங்களா சார்?"

பெற்ற தாயையே நம்பாதவன், இவளையா நம்பிவிடுவான்? வாட்ச்சைப் பிடுங்கித் தன் கையில் கட்டிக்கொண்டான்.

"கைப்பிடியைப் பிடிக்காம, கையை வீசி ஏறுங்க சார். ஒவ்வொரு மாடியிலயும் கொஞ்சம் நின்னு ஏறுங்க. அவசரப்பட்டா கணக்கு விட்டுப்போகும்."

மேஸ்திரி அவள் தலைமுடியைக் கொத்தாகப் பற்றி நாற்காலியில் தள்ளினான். அவளுடைய கைப்பையைப் பிடுங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டான். பை இல்லாமல் எங்கே போய்விடுவாள் என்று ஒரு கெட்டிக்காரத்தனம்.

"இவ இங்கேருந்து நகரக் கூடாது. நகர்ந்தா உன் கடை இருக்காது, நீயும் இருக்க மாட்ட."

பூப்போட்ட கைப்பை இடுப்பில் இடிக்க இடிக்க, கையை வீசி வீசி அவன் ஏறியதைப் பார்த்திருந்தால் குடோன் ஆட்கள் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள். மூன்றாவது மாடியில் மூச்சு முட்டியது. நான்காவதில், வீட்டுக்குப் போனதும் எந்தக் காலை முதலில் ஒடிப்பது என்று யோசித்ததில் கொஞ்சம் தெம்பு வந்தது.

ஆறாவது மாடியில் இருந்தது ஒரே ஒரு கதவு. ஒரு வக்கீலம்மாவின் பெயர்ப்பலகை தொங்கியது, கதவு பூட்டியிருந்தது. அதில் சாய்ந்து நாய் மாதிரி மூச்சிரைத்தான். கீழே தெருவில் ஏதோ ஒரு கார் கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது.

கையைத் தூக்கிப் பார்த்தான். ஆறு.

சந்தோஷம் தாங்கவில்லை அவனுக்கு. வாட்ச் சரி, அவள் மாட்டிக்கொண்டாள். இடது கால்தான் முதலில் என்று முடிவுசெய்துகொண்டு, இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கினான்.

நாற்காலி காலியாக இருந்தது.

"எங்கடா அவ?"

பதில் வருவதற்குள் கடைக்காரரின் சட்டையைப் பிடித்து இழுத்து, முகத்தைக் கவுண்டரில் மோதினான். கண்ணாடி நொறுங்கி, வாட்ச்சுகள் மேல் ரத்தம் சொட்டியது.

"வாட்ச் சரியாத்தான்டா இருக்கு! ஆறு மாடியும் காட்டுது! தினம் எங்கடி போய் ஏறினேன்னு அவளைக் கேக்கணும். சொல்லு, எங்க அவ?"

கடைக்காரர் பயந்துதான் போயிருந்தார். ஆனாலும் உதட்டு ரத்தத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"வக்கீலம்மாவைப் பார்க்க, தினம் இந்தப் படியிலதான் சார் ஏறினாங்க."