பெயர் சொல்ல வேண்டியதில்லை

தொலைபேசியில் மனநல ஆலோசனை சொல்லும் இடம் அது. முகம் காட்ட வேண்டாம், பெயரும் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் அவள் போன்மேல் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டுதான் பேசினாள். இது நான்காவது வாரம்.

"எல்லார் மனசுக்குள்ளயும் ஒரு குழந்தை இருக்குன்னு போன வாரம் சொன்னீங்களே மேடம், உங்களுக்குள்ள இருக்கிற குழந்தை எப்படி இருக்கு?"

"நாம உங்களைப் பத்திப் பேசலாமே," என்றார் ஆலோசகர்.

மழுப்புகிறாள். எல்லாப் பழியையும் பெற்றவர்கள் தலையில் கட்டி அனுப்புகிற தொழில்தானே இது. தன் பழியை இவள் யார் தலையில் கட்டியிருக்கிறாள்? அது தெரியாமல் இன்று விடுவதாக இல்லை.

"சின்ன வயசுல உங்களை யாராவது அடிச்சாங்களா?"



"அடிக்கல. எங்கம்மாவுக்குக் கோபம் வந்தா பேச மாட்டாங்க. ஒரு தடவை பதினோரு நாள். தட்டை எடுத்துட்டுப் போய் நிப்பேன். சுவரைப் பாத்துட்டே சாப்பாடு போடுவாங்க."

"ஓஹோ! இதை ஊரெல்லாம் சொல்லிட்டு இருக்கீங்களாக்கும்?"

"இதுவரைக்கும் கேட்டது நீங்க ஒருத்தர்தான்."

அவள் கைக்குட்டையை இன்னொரு சுற்று சுற்றினாள்.

"அந்தம்மாவுக்கு எப்படிப் பேசறதுன்னு தெரியாம இருந்திருக்கலாம்ல?"



"இருக்கலாம். என் கல்யாணம் பிடிக்காம மூணு வருஷமா அவங்க பேசவே இல்ல." ஆலோசகரின் குரல் தழைந்தது. "முதல் வாரமே உன் குரல் தெரிஞ்சிடுச்சும்மா. சொன்னா போனை வெச்சிடுவியேன்னுதான் நாலு வாரமா மேடமாவே இருந்தேன்."