சேஃப்டி ஆபீசர் தேர்வு

குன்றத்தூர் முருகன் மேல் சத்தியமாக, இதில் ஒரு வார்த்தைகூட நானாகச் சேர்க்கவில்லை.

1992-ல் பீர்க்கன்கரணை ஏரியோரம் நான்கு மாடி ஃபிளாட்டுக்குச் சவுக்குக் கம்புச் சாரம் எழும்பிக்கொண்டிருந்தது. வேலை செய்பவர்களின் பாதுகாப்பைப் பரிசோதிக்க ஒரு ஆள் தேவைப்பட்டது. தனசிங் விண்ணப்பித்தார். வேலை கிடைக்கும் முன்பே அவர் மனைவி பியூலா, "எங்க வீட்டுக்காரர் சேஃப்டி ஆபீசர்" என்று சர்ச் முழுக்கச் சொல்லிவிட்டாள். கிடைக்காவிட்டால் அங்கே தலைகாட்ட முடியாது.

"சாரத்துல ஏறி, சரியா கட்டியிருக்கான்னு பார்த்துச் சொல்லுங்க" என்றார் மேனேஜர் லாசரஸ்.

அதே வேலைக்கு வந்து முதலில் ஏறிய ஒரு இன்ஜினியர், "ஃபர்ஸ்ட் கிளாஸ் சார்!" என்று இறங்கினார்.

அடுத்து ஏறிய தனசிங், இரண்டாவது மாடி உயரத்தில் கம்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். கால்கள் வெடவெடவென்று நடுங்கின.

"இன்னா சார், குளிர் ஜுரமா?" என்று கீழிருந்து கத்தினான் மேஸ்திரி சேட்டு.

"பயம்பா! உசரம்னாலே எனக்கு ஆகாது!"

அந்த நடுக்கம் சவுக்குக் கம்புகள் வழியாக நான்கு மாடிக்கும் பரவியது. லூசாகக் கட்டிய முடிச்சுகள் எல்லாம் பொலபொலவென்று அவிழ்ந்து விழுந்தன. இறுக்கிக் கட்டியவை அசையவில்லை.

"இதுக்கு மேல என்ன தகுதி வேணும்? நீங்கதான் சார் ஆபீசர்!" என்று லாசரஸ் கை குலுக்கினார். அவரும் சேர்ந்து நடுங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை பியூலா முன்வரிசையில் உட்கார்ந்தாள். "எங்க வீட்டுக்காரர் மாதிரி நடுங்க இந்தத் தாம்பரத்துலயே ஆள் கிடையாதுக்கா" என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த அருள்மேரியிடம் பெருமையாகச் சொன்னாள்.

தனசிங் இருந்தவரை அந்தக் கட்டிடத்திலிருந்து ஒருவர்கூடக் கீழே விழவில்லை.

ஏரியோரம் என்று அனுமதி மறுத்துவிட்டதால், அங்கே கடைசிவரை ஒரு செங்கல்கூட வைக்கவில்லை.