பெயர் இல்லாத பெட்டி

கிர்ர்ர்.

மறுபடியும் அதே சத்தம். எதையோ தரையில் இழுத்து வருகிறார்கள். எங்கள் வாசலுக்கு நேரே வந்ததும் நின்றுவிட்டது.

மணி பத்து. ஏழு மாதக் குழந்தை ஷர்வின் இப்போதுதான் அழுது ஓய்ந்து தூங்கினான். என் கணவர் கோகிலனுக்குப் பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் மாலை ஷிப்ட். கம்பெனி பஸ் அவரை இறக்கிவிடப் பன்னிரண்டரை ஆகும்.

போன மாதம் நாங்கள் கோயிலுக்குப் போயிருந்தபோது எவனோ கதவை நெம்பிவிட்டான். தாழ்ப்பாள் பிய்ந்து, மரச்சட்டமும் பிளந்துவிட்டது. சாவிப் பூட்டு ஒப்புக்குத் தொங்கிக்கொண்டிருக்கிறது.

சோபாவை இழுத்துக் கதவுக்கு முட்டுக்கொடுத்துவிட்டுக் கோகிலனைப் போனில் கூப்பிட்டேன்.

“வாசல்ல யாரோ இருக்காங்க. கதவுக்குக் கீழே நிழல் தெரியுது.”

“பூனையா இருக்கும் லா, பிரமிளா. மெஷின் ஓடுது, வெக்கிறேன்.”

பூனை சாமான் இழுக்குமா?

டிங்.

இது என் லேப்டாப். எங்கள் அடுக்குமாடி நிர்வாகத்தின் இணையப் பக்கத்தை நான்தான் வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்கிறேன். அதில் ஒரு புகார் ஃபார்ம் உண்டு. வருகிற புகார் ஆபீசுக்கும் எனக்கும் வரும். எழுதியவருக்கும் ஒரு நகல் போகும்.

வீட்டு எண்: 7-3. புகார்: காலி.

இது ஒன்பதாவது. நாங்கள் 6-3; 7-3 எங்கள் தலைக்கு மேல் வீடு. குலசேகரம் அங்கிள், ரிட்டயர்ட் கிளார்க், தனி ஆள். சிரித்துப் பார்த்ததில்லை. போன வாரம் லிஃப்டில் கேட்டார்: “மகன் இரவிரவா அழுகிறான் போல?”

புகார் அதைப் பற்றித்தான் என்று புரிந்துவிட்டது. இது நிர்வாகத்தின் வாடகை வீடு. மூன்று புகார் சேர்ந்தால் காலி செய்யச் சொல்வார்கள்.

காலையில்தான் மேனேஜர் சீனி முகம்மது போன் பண்ணியிருந்தார்.

“என்னம்மா, ஃபார்ம் காலியாவே வருது? ஒரு மாசமாச்சு லா!”

“பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன் அண்ணே. சர்வர் பிரச்சினை. அண்ணே, எங்க கதவு...”

“அதையும் ஃபார்ம்ல போடும்மா. ஃபார்ம்ல வந்தாதான் கன்ட்ராக்டர் வருவான். வாயால சொன்னா ஒண்ணும் நடக்காது.”

சர்வரில் ஒரு குறையும் இல்லை. முதல் வாரமே தேடிப் பார்த்துவிட்டேன். ஃபார்ம் போகிறது. சர்வரில் இருக்கும் ஸ்கிரிப்ட் அதை வாங்குகிறது. வீட்டு எண் ஒழுங்காக வந்து சேர்கிறது. புகார் எழுதும் பெட்டி மட்டும் வருவதில்லை.

போனில் நன்றாகத் தெரியட்டும் என்று பக்கத்தை மாற்றி எழுதியபோது, அந்தப் பெட்டிக்குக் கோடிங்கில் பெயர் கொடுக்க மறந்திருக்கிறேன். பெயர் இல்லாத பெட்டியில் பக்கம் பக்கமாக எழுதினாலும் பிரவுசர் அதை அனுப்பாது. அந்தப் பக்கம் ஸ்கிரிப்ட் வெறுங்கையோடு நிற்கும்.

ஒரே ஒரு சொல் சேர்த்தால் தீர்ந்தது. நான் சேர்க்கவில்லை.

ஷர்வின் அழுவதைத்தான் எழுதுகிறார் என்று தெரிந்த பிறகு எப்படிச் சேர்ப்பேன்? சொல்லாமல் மறைப்பதும் பொய்தான் என்று கான்வென்ட்டில் சிஸ்டர் சொல்வார். சிஸ்டருக்கு என்ன, வாடகை வீடா, கைக்குழந்தையா?

வாசலில் யாரோ இருமினார்கள்.

பூனை இல்லை. ஆள்!

லேப்டாப்பை மடிக்கு இழுத்துக்கொண்டேன். நாளைக்கே எனக்குத் தாழ்ப்பாள் வேண்டும். அதற்கு என் புகார் ஆபீசுக்குப் போய்ச் சேர வேண்டும்.

என் புகார் என்றதும் விரல் தானாக ஓடியது. பெட்டிக்குப் பெயர் வைத்தேன். சேமித்தேன். எழுத உட்கார்ந்தேன்: ‘இரவில் யாரோ என் வாசலில் வந்து...’

டிங்.

வீட்டு எண்: 7-3. இந்தத் தடவை பெட்டி நிறைந்திருந்தது.

‘ஐயா, பத்தாவது தடவை எழுதுகிறேன். அனுப்பியதெல்லாம் காலி என்றே நகல் வருகிறது. 6-3 வீட்டுக் கதவில் தாழ்ப்பாள் இல்லை. அந்தப் பிள்ளை இரவில் கைக்குழந்தையோடு தனியாக இருக்கிறாள். கணவனின் கம்பெனி பஸ் வரும்வரை அவர்கள் வாசலில் நாற்காலி போட்டு நான் காவல் இருக்கிறேன். எனக்கு முழங்கால் வருத்தம், கனநாள் இயலாது. தயவுசெய்து தாழ்ப்பாள் பொருத்திக் கொடுங்கள். அவளுக்கு நான் இருப்பதைச் சொல்ல வேண்டாம், பயந்துவிடுவாள். குலசேகரம்.’

சோபாவைத் தள்ளிக் கதவைத் திறக்கத் தைரியம் வரவில்லை. இப்போது காரணம் வேறு.

இரண்டாம் நாள் கன்ட்ராக்டரின் ஆள் வந்து புதுச் சட்டமும் புதுத் தாழ்ப்பாளும் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான்.

அன்று இரவும் பத்து மணி. கிர்ர்ர்.

கதவைத் திறந்தேன். பிளாஸ்டிக் நாற்காலியைப் பிடித்தபடி குலசேகரம் அங்கிள் திடுக்கிட்டு நின்றார்.

“தாழ்ப்பாள் போட்டாச்சு அங்கிள். நீங்க மேலே போய்ப் படுங்க.”

“ஓம், ஓம். நீர் முதல்ல உள்ளுக்குப் போய்ப் பூட்டும். சத்தம் கேட்ட பிறகு போறன்.”

கதவைப் பாதி சாத்தியிருப்பேன்.

“பிள்ளை, அந்த ஃபார்மைத் திருத்தினது நீர்தானாம். சீனி முகம்மது சொன்னவர்.” முதல் தடவையாகச் சிரித்தார். “பெரிய உபகாரம். நீர் இல்லாட்டி என்ர எழுத்து ஒருத்தருக்கும் போயிருக்காது.”

அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் கதவைச் சாத்தினேன். அவர் காதில் விழும்படி தாழ்ப்பாளைப் போட்டேன்.