எட்டுத் துடுப்பு

முதலாளி சண்முகசுந்தரம் சுவரில் மாட்டியிருந்த துடுப்பைத் தடவித் தடவிப் பேசியதைப் பார்க்க உத்தமனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அம்பத்தூர் ஃபேக்டரியில் இதுதான் முதல் தகராறு. போனஸ் பேச வந்தால், இந்த ஆள் காலேஜில் படகு ஓட்டிய பெருமை அளக்கிறான்.

"எட்டுப் பேர் துடுப்புப் போடுவோம். போற திசைக்கு முதுகைக் காட்டித்தான் உட்காரணும். ஒருத்தன் மட்டும் எங்களுக்கு எதிர்ல உட்கார்ந்து கத்துவான். படகு எங்க போகுதுன்னு அவன் கண்ணுக்குத்தான் தெரியும். அந்த மாதிரி நீங்க என்னை நம்ப வேணாமா?"

துடுப்புக்குப் பக்கத்தில் சுவரில் ஒரு சதுரம் மட்டும் பளிச்சென்று இருந்தது. உத்தமன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த மூஞ்சியைப் பார்ப்பதற்கு இது தேவலை.

"கதை கேக்க வரல சார். நாளையிலேருந்து மிஷின் ஓடாது" என்று எழுந்தார் கஜபதி. சங்கம் ஆரம்பித்துக் கொடுத்த வக்கீல், அதற்குத் தலைவரும் அவர்தான். ஆள் குள்ளம், குரல் மட்டும் ஆவடி வரை கேட்கும். உத்தமனுக்கு அவரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

மறுநாள் கஜபதி எல்லாரையும் கேட்டுக்கு முதுகு காட்டி உட்கார வைத்தார்.

"அந்த ஆள் கட்டின இடத்தைத் திரும்பிப் பாக்கறதே அசிங்கம். யாரும் திரும்பக் கூடாது."

அவர் மட்டும் எதிரே நின்று கோஷம் கொடுத்தார். பின்பக்கம் லாரிச் சத்தம் கேட்டால், "காலி லாரிய விட்டு பயம் காட்டறான். ஓங்கிக் கத்துங்க" என்பார். மனைவி கஸ்தூரி வெறும் கஞ்சி காய்ச்சி அனுப்பிய நாள்களிலும் உத்தமன் தொண்டை கிழியக் கத்தினான்.

ஒரு காலையில் தலைவர் வரவில்லை. கேட் திறந்து கிடந்தது. ஷெட்டில் ஒரு மிஷின்கூட இல்லை, தரையில் போல்ட்டுகள்தான் நீட்டிக்கொண்டிருந்தன. இவர்கள் போட்ட சத்தத்திலேயே முதலாளி எல்லாவற்றையும் கிளப்பிக்கொண்டு போயிருக்கிறான். சோற்றில் மண் விழுந்துவிட்டது.

உத்தமன் முதலாளி அறைக்கு ஓடினான். துடுப்பும் இல்லை. காறித் துப்பினான்.

அந்த அறையைப் பெருக்குகிற தாயம்மாள் பின்னாலேயே வந்து, பீரோவுக்குப் பின்புறம் கைவிட்டு ஒரு போட்டோவை உருவினாள்.

"இத்த மறந்துட்டான் அண்ணாத்தே. நீங்க பேச வந்த அன்னிக்கு, அவசரமா கயட்டி ஒளிக்கச் சொன்னான்."

முந்தானையால் தூசியைத் துடைத்தாள். படகில் வாட்டசாட்டமாக எட்டுப் பையன்கள், கையில் துடுப்போடு. தாயம்மாள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"எதிர்ல குந்திகினு கீறது நம்ம தலைவரு இல்ல?"