பலாக்கொல்லைப் பொண்ணு

“அடிக்க மாட்டேன்,” என்றாள் அன்பரசி.

வேடியப்பன் கோயில் வாசலில், தட்டில் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. அதை உள்ளங்கையால் அடித்து அணைத்துவிட்டு எதைச் சொன்னாலும் அது சத்தியம். அப்படி நின்று பொய் சொல்ல அந்த மலையில் யாருக்கும் நா எழாது.

“சாமி முன்னால இன்னா வீம்பு?” என்றார் தீர்த்தகிரி. ஊருக்கு நாட்டாண்மை அவர். அன்பரசிக்கு மாமனாரும் அவரே. “என் வூட்டு மருமவளாச்சேன்னு விட்டுட்டா, ஊரு என்னைத்தான் காறித் துப்பும்.”

எல்லாம் ஒரு சினிமாவால் வந்தது. பள்ளிக்கூடத்துப் பலாமரத்தடியில் ஒருவனும் ஒருத்தியும் மனசைப் பறிகொடுக்கிற கதை. ஊரே வேன் பிடித்துச் செங்கம் போய்ப் பார்த்தது. படம் முடிந்ததும் டைரக்டர் போட்ட எழுத்து திரையில் வந்தது: ‘பலாக்கொல்லைப் பள்ளியில் என்னோடு படித்த அவளுக்கு.’

அன்பரசி பலாக்கொல்லையில் பிறந்தவள். அந்தப் பள்ளியில் படித்தவள். ஊருக்கு அது போதுமாயிருந்தது.

“நான் படிச்சப்ப அந்தப் பலாமரமே இல்லீங்க மாமா. அத வெட்டி எவ்ளோ வருஷமாச்சி.”

“சினிமாக்காரனுக்கு ஒரு மரத்த நட்றது பெரிய வேலையா?”

கூட்டம் சிரித்தது. தீர்த்தகிரிக்குச் சூடு ஏறியது. “ஒங்க அத்தையச் சொல்லணும். தான் பொறந்த ஊர்லதான் பொண்ணு எடுப்பேன்னு ஒத்தக் கால்ல நின்னா.”

அத்தை செல்லியம்மாள் பெண்களுக்கு நடுவே தலைகுனிந்து நின்றிருந்தாள். தியேட்டரில் அவளைக் கைபிடித்து அழைத்துப்போய் ஃபேனுக்கு அடியில் உட்காரவைத்தவள் அன்பரசிதான். வீடு திரும்பியதிலிருந்து அத்தை முகம் கொடுத்துப் பேசவில்லை. ஊர்ப்பேச்சைவிட அதுதான் வலித்தது.

அன்பரசியின் கணவன் மோகன் மெல்லப் பக்கத்தில் வந்தான். “அடிச்சிட்டு வந்துடேன் அன்பு. இல்லன்னா திருவிழாவுல நம்ம வூட்டுப் பொங்கப் பானைய ஏத்த விடமாட்டாங்க.”

“நீ என்னைச் சந்தேகப்படுறியா?”

“சேச்சே.”

“அப்புறம் இன்னாத்துக்கு அடிக்கணும்? இன்னிக்கி நான் அடிச்சா, நாளைக்கிப் பள்ளிக்கூடம் போற ஒவ்வொரு பொண்ணையும் இங்க கொணாந்து நிறுத்துவாங்க. பானை ஏறலன்னா போவுது. நம்ம வூட்டு அடுப்புல பொங்குனாலும் வேடியப்பன் சாப்டுவாரு.”

தீர்த்தகிரி எழுந்துவிட்டார். “அப்ப அது நீதான்னு ஆயிடுச்சி. கெளம்பு, ஒங்கப்பன் வூட்டுக்கு.”

பெண்களை விலக்கிக்கொண்டு செல்லியம்மாள் முன்னால் வந்தாள். அத்தையும் சேர்ந்து துரத்தப் போகிறாள் என்று அன்பரசி பல்லைக் கடித்துக்கொண்டாள். இவர்கள் எதிரில் அழுதுவிடக் கூடாது.

செல்லியம்மாள் மருமகளைத் தாண்டிப் போய், எரிகிற கற்பூரத்தை ஓங்கி அடித்தாள்.

“மருமவளுக்காக நீ அடிச்சா செல்லாது, தெரியுமில்ல?” என்றார் தீர்த்தகிரி.

“அவளுக்காக அடிக்கலீங்க,” என்று கணவரின் முகத்தை நேராகப் பார்த்தாள் செல்லியம்மாள். “அந்தப் பொண்ணு நாந்தான்.”