எல்லாச் சாட்சிகளுக்கும் ஒரே குரல்

சிறுவர்களின் சாட்சியை எவரும் எளிதாகத் தள்ளிவிடக் கூடாது என்பதற்காக, நீதிமன்றம் எல்லாச் சாட்சிகளுக்கும் கணினி வழியாக நடுத்தர வயது ஆணின் நிதானமான குரல் ஒன்றையே அளித்திருந்தது. சாட்சியின் வயதைக் கேட்க ஜூரிகளுக்கு அனுமதி இல்லை.

கோவையில் தன் வீட்டிலிருந்தே திரை வழியாக ஜூரிப் பணியாற்றிய சுகந்தி, வேன் ஓட்டுநர் ஆரோக்கியம் குற்றவாளி என்று ஏறக்குறைய முடிவு செய்திருந்தாள். விபத்தின்போது வேன் நின்றிருந்ததாகக் கூறிய ஒரே சாட்சி, வக்கீல் மறுபடி கேட்டதும் அது ஓடிக்கொண்டிருந்ததாக மாற்றிச் சொல்லியிருந்தது.

உணவு இடைவேளையில் அவள் கணவன் சண்முகவேல் மகளுக்குச் சோறு போட்டான்.

"கை கழுவுனியா அம்மிணி?"

"கழுவிட்டேன்."

குக்கர் சத்தத்தில் அது அவன் காதில் விழவில்லை. "கை கழுவுனியான்னு கேட்டேன்."

"இல்லீங்கப்பா."

மகளின் விரல்களிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"அப்பறம் ஏஞ்சாமி கையெல்லாம் ஈரம்?" என்றாள் சுகந்தி.

"கழுவுனேன். அப்பா மறுபடி கேட்டாருல்ல, மொத சொன்னது தப்பு போலிருக்குதுன்னு நெனச்சேன்."

"இவளச் சாட்சிக் கூண்டுல ஏத்துனா நாம ரெண்டு பேரும் உள்ளதான்," என்று சண்முகவேல் சிரித்தான்.

சுகந்தி சிரிக்கவில்லை. மகளின் கையைத் துடைத்துவிட்டுத் திரைக்குத் திரும்பி, நீதிபதியிடம் ஒரு வேண்டுகோள் வைத்தாள். அவர் அதை ஏற்று, அந்தச் சாட்சியை மீண்டும் அழைத்து, "நீங்கள் சொன்ன எதையும் யாரும் தவறென்று சொல்லவில்லை. கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள்," என்றார்.

"வேன் நின்னுட்டுத்தான் இருந்துச்சு," என்றது அந்தக் கனத்த குரல். பிறகு சற்றுத் தயங்கி, "இப்ப நான் அம்மாகிட்டப் போகட்டுமா?" என்று கேட்டது.